இரட்டைச் சடை தேடிய மூன்று நாள்

புதிதாகச் சீருடை மாட்டியிருக்கும் பிள்ளைகளே, பயிற்சிப் பள்ளியில் உங்களுக்கு ஓடச் சொல்லித் தருவார்கள், சுடச் சொல்லித் தருவார்கள், அறிக்கை எழுதவும் சொல்லித் தருவார்கள். கையில் கிடைத்த பொருளை எப்போது சட்டைப்பைக்குள் போடுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அதை நான் சிராங்கூன் ரோட்டில் நடந்து கற்றுக்கொண்டேன். ஒரு முழம் சிவப்பு ரிப்பன்தான் எனக்குப் பாடப்புத்தகம். ரிப்பனை ஏந்தி நடந்தது நான், தலைகுனிவு வேறொருவருக்கு. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் இதை முதலில் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. அப்போது எங்கள் ஸ்டேஷனில் தமிழ் பேசும் பெண் போலீஸ் நான் ஒருத்திதான். மலாய்க்காரர்கள் போலீசை மாத்தா-மாத்தா என்பார்கள். நம்மவர்கள் அதில் பாதியை எடுத்து, பின்னால் ஓர் அக்காவை ஒட்டவைத்து, என்னை மாத்தாக்கா ஆக்கிவிட்டார்கள். பாவாடையும் தொப்பியுமாக நான் தேக்கா சந்தைப் பக்கம் போனால் மீன்காரர் கூடத் தராசை நிமிர்த்திப் பிடிப்பார். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, மறைப்பானேன்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ராசாத்தி என்ற பெண் செருப்பில்லாமல் ஸ்டேஷனுக்குள் ஓடிவந்தாள். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், கடைவீட்டு மாடியில், ஏழு குடும்பங்களுக்கு நடுவே குடியிருப்பவள். கணவர் துறைமுகத்தில் வேலை. ஒரே மகள் கமலி, ஆறு வயது. காலையில் கடலை வாங்கக் கீழே இறங்கியவள் திரும்பவே இல்லை.

"அடையாளம் சொல்லும்மா" என்றேன்.

"மாநிறமா இருப்பா. பூப்போட்ட கவுன். சடை... முடி இடுப்பு வரைக்கும் இருக்கும்க்கா. அவங்கப்பாவுக்கு அந்த முடிமேல உசுரு. நான்தான் காலைல இரட்டைச் சடை போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி விட்டேன்." முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நான் நோட்டுப் புத்தகத்தில் 'இரட்டைச் சடை' என்று எழுதி, அதற்கு அடியில் அழுத்தமாக இரண்டு கோடு போட்டேன். அந்த இரண்டு கோடும் பிறகு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

சந்து முனையில் கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை வகைகள், விற்கும் சுடலையைத்தான் முதலில் விசாரித்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். சும்மாடு சுற்றிய தலையில் பெரிய மரத்தட்டு. அதில் கடலை, பட்டாணி, முறுக்கு என்று தடுப்புத் தடுப்பாக இருக்கும். கேட்டதைக் காகிதச் சுருளில் போட்டுக் கொடுப்பார். வாய் அதிகம், வம்பு கிடையாது.

"கமலிதான? காலைல வந்தாம்மா. அவளுக்குப் பட்டாணி மட்டுந்தான், ஒரு கடலை கலந்தாலும் பொறுக்கித் திருப்பிக் குடுத்திருவா. வாங்கிட்டு ஓடுனா. ஓடயில ரிப்பன் அவுந்து விழுந்துச்சு. கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல. நாளைக்கு வருவால்லா, குடுப்பம்னு எடுத்து வச்சேன்." தட்டின் ஓரத்திலிருந்து சிவப்பு ரிப்பனை எடுத்து அவரே என் கையில் கொடுத்தார்.

இங்கேதான் கவனியுங்கள். அந்த ரிப்பனைச் சட்டைப்பைக்குள் போட்டிருக்கலாம். என் சட்டையில் நான்கு பை உண்டு, நான்கும் காலி. நானோ ஏதோ கோப்பை வாங்கிய ஓட்டக்காரி மாதிரி அதைக் கையில் பிடித்துக்கொண்டு, தாயிடம் காட்டி உறுதிசெய்ய விறுவிறுவென்று நடந்தேன். சுடலை நின்ற இடத்திலிருந்து ராசாத்தி வீட்டுக்கு இருநூறு அடி. வழியில் மாவு மில், பூக்கடை, முடிவெட்டும் கடை, இரண்டு காப்பிக்கடை. நான் படியேறும்போது ரிப்பன் மட்டும்தான் என் கையில் இருந்தது. கதை எனக்கு முன்னால் மாடி ஏறியிருந்தது.

"கச்சாங்காரன் தட்டுல ரிப்பன் கிடைச்சுச்சாம்!"

அவரே எடுத்துக் கொடுத்தார் என்ற பாதியை ஊர் வழியிலேயே உதிர்த்துவிட்டது.

அன்று மாலைக்குள் சிராங்கூன் ரோடு முழுக்கத் துப்பறிவாளர்கள். காப்பிக்கடையில் ஒவ்வொரு மேசையும் ஒரு விசாரணைக் கமிஷன். ஒரு மேசையில் பிள்ளை எல்லையைத் தாண்டி மலாயாவின் ஜொகூருக்கே போய்விட்டாள். அடுத்த மேசையில் அவளை சர்க்கஸ்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாவதில் புதிதாகக் கட்டும் பாலத்துக்குத் தலை வேண்டுமாம், தூணுக்கு அடியில் வைக்கச் சின்னப் பிள்ளை தேடுகிறார்களாம். சீனர், மலாய்க்காரர், தமிழர் மூன்று பேரும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட செய்தி அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். எந்த மேசையில் தொடங்கினாலும் கதை கடைசியில் சுடலையின் தட்டில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்திரிகை, 'கடலையில் மயக்க மருந்தா?' என்று போட்டது. கேள்விக்குறி போட்டுவிட்டால் எதையும் கேட்கலாம் பாருங்கள்.

என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்தி, "இரட்டைச் சடை போட்ட பிள்ளையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். பார்த்தார்கள். ஊரெல்லாம் பார்த்தார்கள். இரட்டைச் சடை போட்ட பிள்ளைகளுக்கா சிங்கப்பூரில் பஞ்சம்? ஞாயிறு மதியத்துக்குள் பதினோரு பெண்பிள்ளைகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் ஒன்று சீனப் பிள்ளை. பின்னாலேயே அதன் அம்மா வாணலிக் கரண்டியோடு வந்து, கூட்டிவந்த மனிதரைச் சாலை முனை வரை துரத்தினாள். இன்னொரு பிள்ளையை இரண்டு தடவை பிடித்து வந்தார்கள். இரண்டாம் தடவை அது இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அக்கா, இன்னிக்கும் நான் கமலி இல்லை லா" என்றது. ராசாத்தி கூட அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

அதே ஞாயிறு மாலை யாரோ சுடலை மேல் கல் எறிந்தார்கள். கல் தட்டில் பட்டுப் பட்டாணி தெருவில் சிதறியது. நெற்றியில் சின்னக் கீறல். எங்கள் மலாய் கார்ப்பரல் அவரை அணைத்தாற்போல் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து பின்னறையில் உட்கார வைத்தார். பாதுகாப்புக்குத்தான் வைத்தோம். ஊர் அதைக் கைது என்று வாசித்தது.

திங்கள் காலை இன்ஸ்பெக்டர் என்னிடம், "பதினோரு மணிக்கு வேன் வரும். ஆளைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிடலாம், இங்கே கூட்டம் கூடுகிறது" என்றார். சொல்லிவிட்டு, கால்வாய்ப் பக்கம் தேடிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்க்கப் போய்விட்டார். கமலியின் தகப்பனாரும் அங்கேதான் இருந்தார்.

வாசலில் நூறு பேருக்குக் குறையாது. பின்னறையில் சுடலை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வேன்ல ஏத்துவீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எல்லாரும் பாப்பாகளா?"

நான் ஜன்னல் வழியே வாசல் கூட்டத்தைப் பார்த்தேன்.

"ஊருல எனக்கும் ஒரு மக இருக்கா, இவ வயசுதான். இங்கயிருந்து போற கடுதாசில இதைத்தான் முதல்ல எழுதுவாக" என்றார். குற்றவாளி யாராவது ரிப்பனை எடுத்து வைத்து, போலீஸ் கையில் தானே கொடுப்பானா என்று அப்போதுதான் யோசித்தேன். அவர் மடியில் முள்ளைக் கட்டியவள் நான்தான். அந்த வேனில் ஏறிவிட்டால், நாளைக்குப் பிள்ளை பத்திரமாகக் கிடைத்தாலும் ஊர் வாய் அவரை இறக்கி விடாது.

வேன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் செய்தது எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது, நீங்களும் அப்படியே செய்யாதீர்கள். "வாங்க, முன்னால வந்து உட்காருங்க. தட்டையும் எடுத்துக்குங்க" என்றேன்.

கார்ப்பரல் என்னைப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். "மாத்தாக்கா, நிச்சயமா?" என்று மட்டும் மலாயில் கேட்டார். நிச்சயமில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு, இரண்டு கான்ஸ்டபிள்களோடு போய் வாசலை மறித்து நின்றுகொண்டார்.

எல்லாரும் பார்க்கிற மாதிரி முன்கூடத்துப் பெஞ்சில் சுடலையை உட்காரவைத்தேன். தட்டைப் பக்கத்தில் முக்காலி மேல் வைத்தேன். வெளியே கூச்சல்.

"அந்தக் கடலையில மருந்து இருக்குக்கா!"

"எந்தக் கடலையில?" என்று கத்தினேன். "இதுலயா?" ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். "இல்ல இதுலயா?" பட்டாணி ஒரு கை. முறுக்கு இரண்டு. காலையில் பசியாறாமல் வந்திருந்தேன், உண்மையைச் சொன்னால் ருசியாகவே இருந்தது.

நான் எப்போது மயங்கி விழுவேன் என்று நூறு பேர் காத்திருந்தார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மாவு மில் கமலம்மா, கதையை முதலில் மாடிக்கு ஏற்றிய புண்ணியவதி, முன்வரிசையில் நின்று, "கண்ணு சொருகுது பாரு, சொருகுது பாரு" என்று வர்ணனை செய்தாள். எனக்குச் சொருகவில்லை. விக்கல்தான் வந்தது. அதற்கே நாலு பேர், "ஐயோ, ஆரம்பிச்சிருச்சு!" என்றார்கள். சுடலை பதறிப்போய், "தண்ணி குடிங்கம்மா, பட்டாணிய அப்பிடி அள்ளிப் போடப்படாது" என்றார். வாசலில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் பத்துப் பேருக்குக் கோபம் தணியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். கையில் ஒரு பிள்ளை. மொட்டைத் தலையில் சந்தனம், தொளதொளவென்று கோடுபோட்ட சட்டை, கால்சட்டை.

"அம்மா, நான் அஞ்சலை, செம்பவாங் பக்கத்துத் தோட்டத்துல இருந்து வர்றேன். ஒரு விசயம் சொல்லணும்..."

"இரட்டைச் சடைப் பிள்ளையைப் பார்த்தீங்களா?" என்றேன் தொண்டையில் விக்கலோடு.

"சடையா? இல்லைம்மா, இது மொட்டை..."

"அப்படின்னா அந்தப் பெஞ்சுல உட்காருங்க. சடை விவகாரம் முடியட்டும்."

பிள்ளைகளே, நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். மூன்று நாளாகச் சிங்கப்பூரே தேடிய பிள்ளை என் மேசைக்கு முன்னால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது, நான் பெஞ்சில் காத்திருக்கச் சொல்கிறேன். நோட்டில் இரண்டு கோடு போட்டது இரட்டைச் சடைக்கு. சடை இல்லாத பிள்ளை என் கண்ணுக்குப் பிள்ளையாகவே தெரியவில்லை.

அஞ்சலை பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தாள். மறுமுனையில் சுடலை. மொட்டைப் பிள்ளை தட்டையே பார்த்தது. பிறகு மெல்ல இறங்கி, சுடலை முன்னால் போய்க் கையை நீட்டியது.

"பட்டாணி மட்டும். கடலை வேணாம்."

சுடலை பழக்கதோஷத்தில் காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினார். பாதியில் கை நின்றது. நிமிர்ந்து, அந்த முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஏட்டி கமலி! முடிய எங்கட்டி போட்ட?"

காலையிலிருந்தே உள்ளறையில் காத்திருந்த ராசாத்தி அந்தப் பெயரைக் கேட்டு எப்படி ஓடிவந்தாள் என்று எனக்குத் தெரியாது. நடுவில் என் நாற்காலி விழுந்தது தெரியும். மகளை மொட்டையோடு பார்த்து ஒரு விநாடி திகைத்தாள். காதைத் திருப்பி, பின்னால் இருந்த மச்சத்தைப் பார்த்தாள். அப்புறம் தாயும் மகளும் ஒரே மூட்டை ஆகிவிட்டார்கள். எனக்குக் கண்ணீர் வந்தது, விக்கல் நின்றது. கார்ப்பரல் சுவர்ப் பக்கம் திரும்பித் தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் சரிசெய்ய அந்தத் தொப்பியில் எதுவுமில்லை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை சந்தின் மறுமுனையில் இரண்டு லாரிகள் நின்றிருந்தன. அஞ்சலையின் உறவுக்காரர்கள், தோட்டத்துக் கோயிலில் நாலைந்து பிள்ளைகளுக்கு மொட்டையும் காதுகுத்தும் நடத்தக் கிளம்பியிருந்தார்கள். லாரி நிறையப் பிள்ளைகள், பாட்டு, கும்மாளம். பட்டாணிச் சுருளோடு ஓடிவந்த கமலியும் ஏறிக்கொண்டாள். முதல் லாரிக்காரர்கள் அவளை இரண்டாம் லாரிப் பிள்ளை என்று நினைத்தார்கள், இரண்டாம் லாரிக்காரர்கள் முதல் லாரி என்று. கோயிலில் மொட்டை போடும் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். தலை மழித்து, குளிப்பாட்டி, சந்தனம் பூசியதும் கையில் ஒரு லட்டு. கமலி லட்டைப் பார்த்தாள், வரிசையில் உட்கார்ந்தாள். முடி எடுப்பவர் பலகையில் உட்கார்ந்த தலையைத்தான் பார்ப்பார், விலாசம் கேட்க மாட்டார். நனைந்த கவுனுக்குப் பதில் யாரோ பையன் ஒருவனின் சட்டையை மாட்டி விட்டார்கள்.

"அம்மா எங்கடின்னு கேட்டா வீட்டுலங்குது" என்றாள் அஞ்சலை. "கிடா வெட்டுன வீட்டுல அம்மா வேலையா இருக்காங்கன்னு நினைச்சோம். விருந்து ரெண்டு நாள். இன்னிக்கு எல்லாரும் அவங்கவங்க பிள்ளையைக் கூட்டிட்டுக் கிளம்புனாங்க, இது மட்டும் மிஞ்சிப்போச்சு."

"பேப்பர்ல பிள்ளை காணோம்னு வந்ததைப் பார்க்கலையா?" என்றேன்.

"பார்த்தோம்மா! இரட்டைச் சடைப் பிள்ளைன்னு போட்டிருந்துச்சு. ஐயோ பாவம்னு நேத்து எல்லாரும் சேர்ந்து கோயில்ல கற்பூரம் ஏத்துனோம். இதையும் பக்கத்துல நிறுத்தி, 'அந்தப் பிள்ளை கிடைக்கணும்னு கும்பிடு'ன்னேன். கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டுச்சு."

வேண்டுதல் பலித்ததை யாரும் மறுக்க முடியாது.

ராசாத்தி மகளின் மொட்டையைத் தடவிக்கொண்டே, "ரெண்டு வருசம் முன்னாடி காய்ச்சல்ல கிடந்தப்ப மாரியாத்தாவுக்கு இந்த முடியைத்தான் நேர்ந்தேன்க்கா. இவங்கப்பா எடுக்க விடவே இல்லை. ஆத்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு லாரி அனுப்பிட்டா" என்றாள். கால்வாயிலிருந்து சேறும் சகதியுமாக ஓடிவந்த தகப்பனார் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த மொட்டைத் தலையில் அவர் கொடுத்த முத்தத்தின் சத்தம் வாசல் வரை கேட்டது. முடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே கூட்டம் ஐந்தே நிமிஷத்தில் கட்சி மாறியது. பாலம், சர்க்கஸ், ஜொகூர் எல்லாம் காற்றில் போயின. "நான் அப்பவே சொன்னேன், இது சாமி காரியம்னு" என்று கமலம்மா விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். வேன் வந்தது, வெறுமனே திரும்பிப் போனது. தகப்பனாரோடு கால்வாயிலிருந்து திரும்பியிருந்த இன்ஸ்பெக்டர் சுடலையின் கையைக் குலுக்கி, நீங்கள் போகலாம் என்றார்.

சுடலை எழுந்து சும்மாட்டை எடுத்தார். வாசலைப் பார்த்தார், நின்றுவிட்டார்.

"அம்மா, பின்வாசல் ஒண்ணு இருக்குல்லா? நான் அப்பிடிப் போயிருதேன்."

பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் அதுவரை நான் மிதந்துகொண்டிருந்தேன். இந்த ஒரு வார்த்தை தரைக்கு இறக்கிவிட்டது. ஊருக்குச் செய்தி முடிந்துவிட்டது. அவருக்கு முடியவில்லை. ரிப்பனைக் கையில் ஏந்தி அந்த ரோட்டில் ஊர்வலம் போனவள் நான். பின்வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டால் அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"அந்தச் சும்மாட்டைக் குடுங்க" என்றேன்.

"எதுக்கும்மா?"

"குடுங்கன்னா."

தொப்பியைக் கழற்றி கார்ப்பரலிடம் கொடுத்தேன். சும்மாட்டைத் தலையில் வைத்து, தட்டைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். அடேயப்பா, என்ன கனம்! கழுத்து உள்ளே போய்விடும் போலிருந்தது. இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.

முன்வாசல் வழியாகத்தான் போனோம். சீருடையில் நான், தலையில் கச்சாங் தட்டு, பக்கத்தில் வெறுங்கையோடு சுடலை, பின்னால் அப்பா தோளில் கமலி. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. முடிவெட்டும் கடையில் பாதி வெட்டிய தலையோடு ஒருவர் எழுந்து வந்து பார்த்தார். இரண்டு காப்பிக்கடையிலும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் பேசினேன்.

"ரிப்பனைக் கண்டெடுத்து, எடுத்து வச்சு, எங்கிட்ட குடுத்தவர் இவர். பிள்ளையை அடையாளம் கண்டவரும் இவர்தான். எங்களுக்கெல்லாம் சடைதான் தெரிஞ்சுது, இவருக்குப் பிள்ளை தெரிஞ்சுது!" பத்தடிக்கு ஒருதரம் இதையே சொன்னேன். தட்டு ஆடியது.

"ஆட்டாதீங்கம்மா, கடலை பூராவும் பட்டாணில விழுது. அந்தப் பிள்ள அப்புறம் திங்காது" என்றார் சுடலை.

சந்து முனையில் இறக்கி வைத்தேன். எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள் கமலம்மா. முகத்தைச் சேலைத் தலைப்பால் இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள்.

"சுடலையண்ணே, எனக்கு ஒரு சுருள்" என்றாள்.

அவர் அவளை நன்றாக ஒருமுறை பார்த்தார்.

"மருந்து போட்டதா, போடாததா?" என்றார்.

கமலம்மா முதலில் அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெருவே சிரித்தது. காகிதத்தைச் சுருட்டிக் கடலையை நிறைத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு கமலிக்குப் பட்டாணியில் விழுந்த கடலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தார். சும்மாட்டை உதறிக் கட்டித் தட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"கழுத்து வலிக்குதாம்மா?"

"உயிர் போகுது."

"நல்லா வலிக்கட்டும்" என்று சிரித்தார். அப்புறம் ரோட்டின் நடுவே போய் நின்று, மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த குரலை எடுத்து, "கச்சாங் பூத்தே!" என்று தேக்கா சந்தை வரை கேட்கிற மாதிரி கூவினார்.